கத்தி முளைக்காத குஞ்சுகள்

டிரெசர் நடராஜாவைக் குறை சொல்ல அந்தத் தோட்டத்தில் ஆள் கிடையாது. அதுதான் அவருக்குப் பிடித்த கேடு. கெடாவில், பாடாங் செராயிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே தள்ளிக் கிடந்த ரப்பர் தோட்டம் அது. டாக்டர் இல்லாத அதன் ஆஸ்பத்திரிக்கு எல்லாமாக இருந்தவர் டிரெசர். வெள்ளைக்காரத் துரைக்குக் காய்ச்சல் என்றாலும் அவர்தான், கடைசி லயத்து வரிசை வீட்டுப் பெண்ணுக்கு இடுப்பு வலி என்றாலும் அவர்தான். மழையில் குடை பிடித்துக்கொண்டு வந்து பிரசவம் பார்த்துவிட்டு, ஒரு வாய் காப்பியோடு திரும்பிப் போகிற மனிதரை யார்தான் கையெடுத்துக் கும்பிட மாட்டார்கள்? கும்பிட்டார்கள். வருஷக் கணக்காகக் கும்பிட்டார்கள். அப்படி நல்ல பேரிலேயே ஊறிப் போனவருக்குச் சின்னதாக ஒரு அவமானம் வந்தாலும் தாங்கத் தெரியாது. அதை யார் தலையிலாவது இறக்கி வைத்தால்தான் சோறு இறங்கும். நடராஜா அதைச் செல்லாயி தலையில் இறக்கினார். அதுவும் எதற்காக? சுண்டு விரல் நீளம்கூட இல்லாத மீன் குஞ்சுகளுக்காக.

மீன் பைத்தியம் அவருக்கு மருந்து வழியாகத்தான் பிடித்தது. அந்த நாளில் தோட்டத்துச் சனத்தைப் பாதி தின்றது மலேரியா. கொசுப் புழுவைத் தின்னும் என்று சொல்லி, கப்பி என்ற பொடி மீன்களைக் கொண்டுவந்து சாக்கடையில் விடச் சொன்னார்கள். சாக்கடையை அங்கே லோங்காங் என்பார்கள். ஆகவே அது லோங்காங் மீன் ஆயிற்று. மற்றவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடராஜா மட்டும் நாலைந்தை ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்துப் போட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்தார். ஒரு நாள் காலையில் அதில் ஒன்று குட்டி போட்டது. முட்டை இல்லை, உயிரோடு, கண்ணும் வாலுமாக, விழுந்த கையோடு நீந்திப் போகிற குட்டி. எத்தனையோ பிரசவம் பார்த்த மனிதர் அந்த ஜாடி முன்னால் உட்கார்ந்தவர், புறநோயாளிகள் வந்து கூப்பிட்ட பிறகுதான் எழுந்தார்.

அதற்குப் பிறகு கப்பி போதவில்லை. பாடாங் செராயில் மளிகைக் கடை வைத்திருந்த கவுஸ் பாய், பினாங்குக்குச் சரக்கெடுக்கப் போகும்போதெல்லாம் இவருக்காகக் கப்பல்காரர்களிடமிருந்து மீன் வாங்கி, பிஸ்கட் டின்னில் தண்ணீரோடு தூக்கி வருவார். அப்படி வந்தவைதான் பிளாட்டியும் வாள்வாலும். பிளாட்டி கட்டை குட்டையாக, செக்கச் சிவந்த மீன். வாள்வால் நீண்டு மெலிந்த பச்சை மீன். ஆண் மீனுக்கு வாலின் அடியில் கத்தி போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் குட்டி போடும் ஜாதி. இரண்டையும் சேர்த்தால் என்ன என்று நடராஜாவுக்குத் தோன்றியது. சிவப்பு உடம்பில் கத்தி வால். உலகத்தில் யாரிடமும் இல்லாத மீன், அல்லது குறைந்தபட்சம் கெடாவில் யாரிடமும் இல்லாத மீன்.

இதை மனதோடு வைத்துக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பார். முதுகு வலிக்கு மருந்து தேய்க்கப் போன இடத்தில் துரையிடம் சொல்லிவிட்டார். துரைக்குத் தமிழ் நன்றாகவே வரும். “செய்து காட்டு டிரெசர். நான் வந்து பார்க்கிறேன்” என்றார் துரை. அவ்வளவுதான், நம் டிரெசருக்குக் கால் தரையில் பாவவில்லை.

வேலையை ஒழுங்காகத்தான் தொடங்கினார். கவுஸ் பாய் கொண்டுவந்ததில் பிளாட்டிப் பெண் இரண்டு, ஆண் ஒன்று. பெண்கள் இரண்டும் வயிறு பெருத்து வந்திருந்தன. ஒன்றை வராந்தாவில் தனி ஜாடியில் விட்டார். மற்றதை வீட்டுக்குக் கொண்டுபோய், “இது இங்க கிடக்கட்டும்” என்று மனைவி நவமணியிடம் கொடுத்தார். அவள் அதை ஒரு காலி மிட்டாய்ப் போத்தலில் விட்டு அடுப்படி ஜன்னலில் வைத்தாள். அதற்கப்புறம் அவர் அதை நினைக்கவே இல்லை.

வராந்தா ஜாடியில் இருந்த பெண் பிளாட்டி சீக்கிரமே குட்டி போட்டது. குட்டிகளை வாரிக் கிணற்றில் விட்டார். தாயின் வயிறு ஒட்டிப் போயிருந்தது. இனி இது சுத்தமான வயிறு என்று முடிவு கட்டினார். மனுஷிக்குப் பிரசவம் பார்த்தே பழகிய கை. ஒரு பேறு முடிந்தால் வயிறு காலி, அடுத்ததற்கு அடுத்த கணக்கு. அந்தக் கணக்கை அப்படியே மீனுக்கும் போட்டார். பிறகு அந்த ஜாடியில் வாள்வால் ஆணை விட்டார். ஆண் பிளாட்டியைப் பக்கத்து ஜாடியில் தனியாக வைத்தார்.

ஜாடிகளைக் கவனித்துக்கொண்டவள் செல்லாயி. பால்மரம் வெட்டும் பழனியாண்டியின் மனைவி; ஆஸ்பத்திரியில் ஆயா. தரை கழுவி, கட்டுத் துணி துவைத்து, இரவு தங்கும் நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சி, அத்தனைக்கும் நடுவே மழைத் தண்ணீர் பிடித்து வைத்து ஜாடிகளுக்கு மாற்றுவாள். மீன்களோடு பேசவும் செய்வாள். “என்னா மாப்ள, பொண்ணு ஒன்ன பாக்க மாட்டேங்குறாளா?” என்று வாள்வாலைக் கேட்பாள். நடராஜாவுக்கே சிரிப்பு வரும்.

ஒரு காலையில் அந்த மாப்பிள்ளை ஜாடியை விட்டு எகிறித் தரையில் விழுந்து துடித்துக்கொண்டிருந்தது. செல்லாயி அள்ளி எடுத்து ஜாடியில் போட்டாள். டிரெசர் வந்ததும் அவளே சொன்னாள்.

“கீழ விழுந்து கெடந்துச்சுங்கய்யா. நல்ல வேள, நா பாத்தேன்.”

“கெட்டிக்காரி” என்றார் நடராஜா. அன்றைக்கு அதோடு சரி.

அடுத்த மாதம் பிளாட்டி மறுபடி குட்டி போட்டது. அன்றைக்கு நடராஜா நடந்த நடையைப் பார்க்க வேண்டும்! தனக்கே பிள்ளை பிறந்த மாதிரி கங்காணி ராமையாவைக் கூப்பிட்டுக் காட்டினார்; ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியைக் கூப்பிட்டுக் காட்டினார்; ஊசி போட வந்தவர்களுக்கெல்லாம் ஊசிக்கு முன்னால் மீனைக் காட்டினார். தோட்டத்தில் அவற்றுக்கு ‘டிரெசர் குஞ்சு’ என்று பேரே ஆகிவிட்டது. ஆண் குஞ்சுகளுக்குக் கத்தி முளைக்கச் சில மாதம் ஆகும், முளைத்ததும் துரைக்குச் சொல்லி அனுப்பலாம் என்று காத்திருந்தார்.

குஞ்சுகள் வளர்ந்தன. சிவந்தன. ஆண் எது பெண் எது என்று தெரியத் தொடங்கியது. கத்தி மட்டும் முளைக்கவில்லை. கட்டை குட்டையாக, உருண்டு திரண்டு, அப்பட்டமான பிளாட்டியாகவே வளர்ந்தன. நடராஜா தினமும் கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்ப்பார். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். சொல்லி அனுப்பாமலே ஒரு ஞாயிற்றுக்கிழமை துரை வந்து நின்றார். மெர்போக் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்திருந்த இரண்டு துரைமார் கூட. விஷயம் கேள்விப்பட்டு லயத்துச் சனமும் ஆஸ்பத்திரி வாசலில் கூடிவிட்டது.

துரை குனிந்து பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

“கத்தி எங்கே, டிரெசர்?”

நடராஜா ஏதோ சொல்ல வாயெடுத்தார். வந்திருந்த துரைமாரில் ஒருவர் இங்கிலீஷில் என்னவோ சொன்னார், மூன்று பேரும் சிரித்தார்கள். துரை சிரித்தால் கிராணி சிரிக்க வேண்டும், கிராணி சிரித்தால் கங்காணி சிரிக்க வேண்டும். கடைசியில் வாசலில் நின்ற சனமும் என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தது. தன் கையால் பிறந்த பிள்ளைகள்கூட அந்தக் கூட்டத்தில் நின்று சிரித்ததை நடராஜா பார்த்தார். காது மடல் சுட்டது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் திரும்பியவரின் கண்ணில், வராந்தா ஓரத்தில் துணி பிழிந்துகொண்டிருந்த செல்லாயி பட்டாள்.

“ஏய், இங்க வா” என்றார். அதுவரை அவளை ஏய் என்று கூப்பிட்டதில்லை. “அன்னிக்கு ஜாடி கழுவுனப்ப பக்கத்து ஜாடி ஆண் மீன இதுல விட்டியா?”

“இல்லிங்கய்யா.”

“கீழ விழுந்துச்சுன்னு ஒரு மீன எடுத்துப் போட்டியே?”

“அது கத்திக்கார மீனுங்க. அதே ஜாடியிலதான் போட்டேன்.”

“மாத்தி விட்டுட்டு, தெரிஞ்சதும் திருப்பி எடுத்துப் போட்டிருக்க. இல்லாட்டி இந்தக் குஞ்சு இப்பிடி வருமா? எவ்வளவு நாள் பாடு! எல்லாம் ஒன்னால பாழ்.”

“நா மாத்தலிங்கய்யா.” அவள் குரல் உயரவில்லை. அதுவே அவருக்குக் கோபத்தை ஏற்றியது.

“கோவில்ல கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணுவியா?”

வாய் தவறி வந்த வார்த்தைதான். ஆனால் அந்தத் தோட்டத்தில் அது சாதாரண வார்த்தை இல்லை. முனியாண்டி முன்னால் கற்பூரத்தை ஏற்றி, எரிகிற நெருப்பை உள்ளங்கையால் அடித்து அணைத்து ஒருவர் சொன்னால் அது தீர்ப்பு. பொய்யாகச் சொன்னவர் குடும்பத்தை முனி சும்மா விடமாட்டான் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. நடராஜாவுக்கு அதில் எள்ளளவும் நம்பிக்கை கிடையாது. தனக்கு நம்பிக்கை இல்லாத நெருப்பில் இன்னொருத்தியைக் கை வைக்கச் சொன்னார் பாருங்கள், அங்கேயே மனிதர் சரிந்துவிட்டார்.

செல்லாயி துணியைக் கீழே வைத்தாள். “பண்றேங்கய்யா” என்றாள்.

துரைமார் இது தங்கள் சங்கதி இல்லை என்று கிளம்பிப் போனார்கள். கங்காணி ராமையாவுக்கு மட்டும் முகம் மலர்ந்துவிட்டது. ரொம்ப நாளாகக் கோவிலில் பஞ்சாயத்தே இல்லை. வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்வோம் என்றார். நடராஜா அப்போதாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் சனத்தின் கண் தன்னை விட்டு அவள் மேல் போய்விட்டதை உணர்ந்தார். அந்த ஆசுவாசம் அவர் வாயைக் கட்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், தோட்டத்து எல்லையில் ஆலமரத்தடி முனியாண்டி முன்னால் செல்லாயி நின்றாள். தலை குளித்து, மஞ்சள் சேலை கட்டி, பக்கத்தில் ஆறு வயது மகள் இராசாத்தியை நிறுத்திக்கொண்டாள். ராமையா கற்பூரத்தை ஏற்றினார்.

“நா மீன மாத்தல. மாத்தியிருந்தா எம் வயித்துல பொறந்தது எனக்கு இல்லாம போவட்டும்.”

சொல்லிவிட்டு உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். நெருப்பு அணைந்தது.  பழனியாண்டி தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.  உண்மையைத்தான் சொல்கிறாள் என்று அந்தக் கணம் நடராஜாவுக்குத் தெரிந்தது. ஆனால் அதை ஒப்புக்கொண்டால் கத்தி முளைக்காததற்கு வேறு காரணம் சொல்ல வேண்டுமே? அவரிடம் இருந்த ஒரே காரணம் செல்லாயிதான். “சத்தியம் பண்றவங்க எல்லாம் நல்லவங்களா?” என்று பக்கத்தில் நின்ற கிராணியிடம் நாலு பேர் காதில் விழும்படி சொன்னார். அடுத்த வாரமே அவளை ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்துப் புல்வெட்டுக்கு அனுப்பினார்கள். பிளாட்டி ஆணையும் வாள்வாலையும் அவர் கவுஸ் பாயிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். மிச்ச மீன்களை லோங்காங்கில் விட்டு ஜாடிகளைக் கவிழ்த்து வைத்தார்.

அதற்கப்புறம் வந்ததுதான் பெரிய கொடுமை. மழை பிடித்துக்கொண்ட மாதம் இராசாத்திக்குக் காய்ச்சல் கண்டது. பழனியாண்டி தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தான். நடராஜா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மண்ணீரல் கைக்குத் தட்டியது. குளிர், நடுக்கம், பிறகு சூடு, பிறகு வேர்வை. கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், மலேரியா. கொய்னா மாத்திரை கொடுக்கத் தொடங்கினார். வைத்தியத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

ஆனால் ஜன்னலுக்கு வெளியே சனம் கூடி நின்று கிசுகிசுத்தது. என்ன பேசுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். பழனியாண்டிக்கும் தெரியும். இரண்டாம் நாள் அவன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக் கேட்டான்.

“ஐயா, நீங்க படிச்சவங்க. சொல்லுங்க. இது சாமி குத்தமா?”

செல்லாயி கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். அவளும் நிமிர்ந்து பார்த்தாள்.

கொசுவால் வந்த காய்ச்சல், சாமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இன்னும் இரண்டு நாளில் இறங்கிவிடும் என்று சொன்னால் போதும். ஆயிரம் பேருக்குச் சொன்ன வார்த்தைதான். கொசு, கொசு என்று லயம் லயமாகக் கத்தித் தொண்டை வறண்ட மனிதர்தான். அந்த ஒரு நாள் மட்டும் அந்த வார்த்தை அவர் நாக்கில் ஏறவில்லை. சாமிக் குற்றம் என்று ஊர் நம்பினால் செல்லாயி சொன்ன சத்தியம் பொய். அது பொய்யானால் அவர் சொன்னது சரி.

“மருந்து குடுத்திருக்கேன். மத்தது ஒங்க பாடு” என்றார்.

அன்று பொழுது சாய்வதற்குள் பழனியாண்டி மனைவியைக் கோவிலுக்குக் கூட்டிப் போனான். நடராஜா போகவில்லை. போனவர்கள் வந்து சொன்னார்கள். ஈரச் சேலையோடு முனியாண்டி முன்னால் விழுந்து, “நாந்தான் மீன மாத்துனேன் சாமி. பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன். எம் பிள்ளைய விட்டுரு” என்று மண்ணில் தலையை மோதிக்கொண்டாளாம். ராமையா இதைச் சொல்லும்போது, “ஐயா சொன்னது அப்பவே சரின்னு எனக்குத் தெரியும்” என்று சேர்த்துக்கொண்டார். மறுநாள் காய்ச்சல் இறங்கியது. கொய்னா வேலை செய்யும் நாள் அது. ஊருக்கோ முனியாண்டி மன்னித்த நாள்.

நடராஜா அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டார். சொல்லவே கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான். அவளே ஒப்புக்கொண்டாளே என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு அவருக்கு நல்ல துணையாக ஒரு மாதத்துக்கு மேல் கூடவே இருந்தது.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவ அடுப்படிக்குப் போனவர், நவமணி ஒரு கிண்ணத்தில் எதையோ வாரிக்கொண்டு பின்வாசலுக்குப் போவதைப் பார்த்தார். கிண்ணத்தில் துளித்துளியாக மீன் குட்டிகள்.

“ஏது இது?”

“நீங்க குடுத்த மீனுதான். நேத்து குட்டி போட்டுருச்சு. போத்தல்ல எடம் இல்ல, அதான் லோங்காங்ல விடப் போறேன்.”

“ஆண் மீனு எப்ப விட்ட?”

“ஆண் மீனுக்கு நா எங்க போவேன்?” என்று சிரித்தாள் நவமணி. “தனியாத்தானே கொண்டாந்து குடுத்தீங்க. அது தன்னால போட்டுக்கிட்டே இருக்கு. வந்ததுலேருந்து எத்தனையோ தடவ போட்டுருச்சு.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கலியே. ஒங்க மீனப் பத்தித்தான் பேசுவீங்க. எம் மீன எப்ப கேட்டீங்க?”

அவர் ஜன்னலருகே போய் நின்றார். மிட்டாய்ப் போத்தலுக்குள் அந்தச் சிவப்புப் பெண் மீன் ஒற்றையாக நீந்திக்கொண்டிருந்தது. ஒரே டின்னில், ஒரே ஆணோடு பினாங்கிலிருந்து வந்தவை இரண்டும். ஒரு முறை ஆணோடு சேர்ந்ததை இந்த மீன் உள்ளேயே வைத்துக்கொள்கிறது. ஒரு பேற்றோடு அதன் வயிறு காலியாவதில்லை. வராந்தா மீனும் அப்படித்தான் பெற்றிருக்கிறது. வாள்வால் வருவதற்கு முன்பே அந்தக் குஞ்சுகளுக்குத் தகப்பன் இருந்திருக்கிறான். செல்லாயி மேல் குற்றம் சொல்ல இருந்த ஒரே சாட்சி அந்தக் குஞ்சுகள். அந்தச் சாட்சி போனால் குற்றமே இல்லை. யாரும் எதையும் மாற்றவில்லை.

நவமணி பக்கம் திரும்பினார். சொல்லத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். நவமணிக்கு மீதி தானாகப் புரிந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“அப்ப செல்லாயி?”

அவர் போத்தலை ஜன்னலோரம் தள்ளி வைத்தார்.

“போய்ச் சொல்லுங்க” என்றாள் அவள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் அதிகம் பேசவில்லை.

உடனே போனாரா என்றால் இல்லை. இன்றைக்கு மழை, நாளைக்குச் சம்பள நாள், மறுநாள் ஆஸ்பத்திரியில் கூட்டம் என்று தள்ளிப் போட்டார். தள்ளிப் போடப் போட, புல்வெட்டுக்குப் போகும் பெண்கள் கூட்டத்தில் கடைசி ஆளாக, யாரோடும் பேச்சில்லாமல் நடந்து போகிற செல்லாயி கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தாள். அவள் வந்தால் மற்றப் பெண்கள் குழாயடியை விட்டு நகர்ந்துகொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டார். பொய்ச் சத்தியக்காரி நிழல் பிள்ளைகள் மேல் படக்கூடாதாம். கடைசியில் ஒரு நாள் வேலை விட்டதும் வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் லயத்துக்கு நடந்தார்.

பழனியாண்டி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். செல்லாயி மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் இருவரும் பதறி எழுந்தார்கள். அவள் முந்தானையால் பலகையைத் துடைத்துப் போட்டாள்.

“உக்காருங்கய்யா.”

அவர் உட்காரவில்லை. “செல்லாயி, நீ மீன மாத்தல” என்றார்.

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. “மாத்துனேங்கய்யா.”

“மாத்தல. எனக்குத் தெரியும்.” நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். நவமணியின் போத்தலை, தனியாகவே குட்டி போட்ட மீனை, தான் போட்ட தப்புக் கணக்கை. சொல்லச் சொல்ல அவருடைய குரல் தேய்ந்தது. 

செல்லாயி சீப்பில் சிக்கிய முடியை எடுத்துச் சுருட்டினாள்.

“அப்ப மொதல்ல நா சொன்னது நெசம்.”

“ஆமா.”

“அதே எடத்துல விழுந்து நாந்தான் செஞ்சேன்னு சொன்னேனே, அது பொய்.”



“அப்ப நீ ஏன்டி ஒத்துக்கிட்ட?” என்றான் பழனியாண்டி.

அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. “பிள்ளைய காட்டிக் காட்டி அழுதது யாரு? நா மாத்தலன்னு ஒரு தடவயாச்சும் நீ சொன்னியா?”

பழனியாண்டி கோடாலியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பின்பக்கமாகப் போய்விட்டான்.

“செல்லாயி, அது சாமி குத்தம் இல்ல. கொசுக் காய்ச்சல். கொய்னா குடுத்தோம், போச்சு. அவ்வளவுதான்” என்றார் நடராஜா.

“அத அன்னிக்கு அவரு கேட்டப்ப சொல்லியிருக்கலாமேய்யா.”

அவ்வளவுதான் சொன்னாள். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவர் நிமிர்ந்து நின்றிருப்பார். அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் பிள்ளையின் பாதிச் சடையைப் பார்த்துக்கொண்டு, “வர்ற வெள்ளிக்கெழம கோவில்ல எல்லாரு முன்னாலயும் சொல்லிடறேன். தப்பு என் மேலன்னு சொல்றேன். நீ மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்துரு” என்றார்.

அப்போதுதான் செல்லாயிக்கு முகம் மாறியது. மகளை இழுத்து மடியோடு சேர்த்துக்கொண்டாள்.

“வேணாங்கய்யா! சொல்லிப்புடாதீங்க. நாந்தான் மாத்துனேன். நாந்தான்னு சொன்னதுக்கப்பறம்தான் இவ கண்ணத் தொறந்தா. இப்ப நா மாத்தலன்னு போயி நின்னா, அப்ப எங்கிட்ட சொன்னது பொய்யான்னு முனி கேக்க மாட்டானா? திரும்ப இவளுக்கு ஒண்ணுன்னா நா எந்தக் கால்ல போயி விழுவேன்?”

“அப்பிடியெல்லாம் ஒண்ணும் ஆகாது.”

“ஒங்க மனசு ஆறணும்னு எம் பிள்ளைய வச்சுச் சொல்லாதீங்க. நா மாத்துனவளாவே இருந்துட்டுப் போறேன். யாரு பேசாட்டி என்ன? புல்லு வெட்டிக்கிட்டுக் கெடக்கேன்.” அவள் கும்பிட்டாள். “போங்கய்யா. புண்ணியமாப் போவும்.”

மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லத்தான் அவர் வந்திருந்தார். அதைச் சொல்ல அங்கே இடமே இல்லை. சொன்னாலும் அவள், நான்தான் செய்தேன் என்பாள். அவளிடமிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கக்கூட முடியாதபடி எடுத்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. திரும்பி நடந்தார்.

நாலு வீடு தள்ளி, வாசலில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த ராமையா எழுந்து நின்றார். தண்ணீர்க் குடத்தோடு போன பெண்களும் நின்றார்கள்.

“டிரெசரையா, ஒங்க மனசு யாருக்கு வரும்?” என்றார் ராமையா, லயமே கேட்கும்படி. “ஒங்களுக்குத் துரோகம் பண்ணுனவ வீடு. அந்த வீட்டுப் பிள்ளையயும் தேடிப் போயிப் பாத்துட்டு வர்றீங்களே!”

குடம் வைத்திருந்த பெண்கள் ஆமாம் என்று தலையசைத்தார்கள். நடராஜா நின்றார். அந்தப் பக்கம் செல்லாயி மகளை அணைத்தபடி வாசலுக்கு வந்து நின்று இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடுவாரோ என்ற பயம் அவள் கண்ணில் இருந்தது. சும்மா தலையைக் குனிந்துகொண்டு போயிருக்கலாம். அவளுக்காக வாயை மூடினேன் என்று நாளைக்கு மனதைத் தேற்றிக்கொள்ள அதுவாவது மிஞ்சியிருக்கும்.

ஆனால் அந்தப் புகழ் காதில் விழுந்தபோது, அத்தனை வெட்கத்துக்கும் நடுவே, உள்ளே எங்கேயோ அது அவருக்கு இதமாக இருந்தது.

“பெரியவங்க செஞ்சதுக்குப் பிள்ள என்ன பண்ணும், கங்காணி?” என்றார்.